'கரண்ட்' வைக்க பயமா?

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு ஐயா. இனி கரண்ட் வைக்கணுமாம். அதுக்குப் பதிலா உங்க சூரணம் போதாதா?" மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சித்த மருத்துவனான என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் பதில்: போதாது!

இது மின்சாரமே அல்ல, கதிர்வீச்சு. ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலிக்காது. கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றிய பிறகு, மிச்சம் மீதியாக ஒளிந்திருக்கும் புற்று செல்களை அழிக்கவே இந்தச் சிகிச்சை.

முன்பெல்லாம் 5 வாரம், 25 தடவை. வீடு, குழந்தைகளை விட்டு வெளியூரில் தங்குவது லேசா? பிரிட்டனில் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வுகள், 3 வாரத்தில் 15 தடவையே போதும் என்று காட்டின. 2020-ல் வெளியான 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' ஆய்வில் 4,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒரே வாரத்தில் 5 தடவை வைத்தும், 5 ஆண்டுகள் வரை நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை.

சிலருக்குத் தேவையே இல்லையோ? 65 வயதைத் தொட்ட, சிறிய கட்டியுள்ள, நெறி கட்டாத, ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களை 10 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2023-ல் வந்தது. கதிர்வீச்சைத் தவிர்த்தவர்களுக்கு ஆயுள் குறையவில்லை. ஆனால், அதே மார்பில் நோய் திரும்பியது 100-க்கு சுமார் 1 என்பதிலிருந்து 10 ஆனது. எனவே, முடிவை நிபுணரோடு பேசி எடுங்கள்.

கவனிக்க:

* கதிர் பட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள், பற்று எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

* தளர்வான பருத்தி உடை நல்லது.

* சூரணமோ, லேகியமோ... சாப்பிடுவதைக் கதிர்வீச்சு டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

* "எனக்கு எத்தனை தடவை? குறைக்க முடியுமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!