மோட்டார் வண்டியும் மின் உருகியும்

மோட்டார் வண்டியைச் செலுத்த அறிந்தோர் நம்முட் பலர். அவ்வண்டியினுள்ளே கைக்கெட்டும் தூரத்தில் அமைந்துள்ள ஆளிகள் எவ்வெவற்றை ஆள்கின்றன, அவற்றிற்கு மின்சாரம் எவ்வழியால் வருகின்றது என்பவற்றை அறிந்தோர் சிலரே. வண்டி ஒழுங்காக ஓடும் வரையில் இவ்வறியாமையால் இழப்பொன்றுமில்லை. ஆளற்ற வெளியில், இரவு வேளையில், ஏதாவதொரு கருவி ஓய்ந்துவிடும்போதே அதன் விலை தெரியவரும். அவ்விலையை நாம் ஒருமுறை கொடுத்தோமாதலின், பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டில் அறிமுகமான இவ்வண்டி யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் ஒரு குடும்ப உறுப்பினர் போலவே வாழ்ந்தது. இன்றும் இடையிடையே அதனை வீதியிற் காணலாம். அதன் உள்ளமைப்பு மிக எளிது. 1954 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட வண்டிகளில், முகப்புப் பலகையின் நடுவே வட்டமான வேகமானி ஒன்றே உண்டு. பெற்றோலின் அளவைக் காட்டும் மானியும் எச்சரிக்கை விளக்குகளும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. அதனையொட்டித் திறப்புத் துவாரமும், சோக், விளக்கு, துடைப்பான் ஆகியவற்றிற்குரிய குமிழ்களும் உள்ளன. முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் ஆளியோ கைக்குரியதன்று. கிளச்சு மிதிக்கு அருகே தரையில், இடது காலால் அழுத்துமாறு அமைந்துள்ளது.

திறப்பைத் திருப்பியதும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இயந்திரம் இயங்கி வேகம் பெற்றதும் அஃது அணைந்துவிட வேண்டும். ஓடும்போதும் அது அணையாதிருப்பின், டைனமோ பற்றரிக்கு மின்னேற்றவில்லை என்பது பொருள். அவ்வாறாயின் அவ்வண்டி பற்றரியிற் சேமித்ததைச் செலவு செய்துகொண்டே ஓடுகின்றது. இரவில் விளக்கெரித்து ஓடினால் அச்சேமிப்பு நெடுந்தூரம் தாங்காது.

இனி உருகிகளுக்கு வருவோம். பொனற்றைத் திறந்தால், இயந்திர அறையின் பின்சுவரிலே ஒரு சிறு பெட்டி காணப்படும். அதிலே கண்ணாடிக் குழாயினாலான உருகிகள் இரண்டு உள. பக்கத்திலே மேலதிகமாக இரண்டு உருகிகளை வைத்தற்கு இடமும் உண்டு. முதலாவது உருகி ஏ1, ஏ2 என்னும் முனைகளுக்கிடையே உள்ளது. ஹோர்னும் உள்விளக்கும் அதன் பாதுகாப்பில் உள்ளன. இரண்டாவது ஏ3, ஏ4 என்னும் முனைகளுக்கிடையே உள்ளது. துடைப்பான், பெற்றோல் மானி, நிறுத்து விளக்கு முதலியன அதனைச் சார்ந்தவை. முதலாவது சுற்றிற்கு எந்நேரமும் மின்சாரம் உண்டு. இரண்டாவதற்குத் திறப்பைத் திருப்பினாலன்றி மின்சாரம் இல்லை. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திருத்துவாராக. பின்னர் இது பயன்படும்.

இவ்வமைப்பை அறிந்தவன் பிழையைக் கண்டுபிடிக்க அலையவேண்டியதில்லை. துடைப்பானும் பெற்றோல் மானியும் ஒருங்கே ஓய்ந்தனவா? இரண்டாவது உருகியைப் பார்க்க வேண்டும். ஹோர்ன் மட்டும் ஓய்ந்து உள்விளக்கு எரிகின்றதா? உருகி நலமாகவே உள்ளது. ஹோர்னையும் அதன் இணைப்புகளையும் ஆராய வேண்டும். ஒரே உருகியைச் சார்ந்தவை யாவும் ஒன்றாக ஓய்ந்தால் உருகியையும், ஒன்று மட்டும் ஓய்ந்தால் அந்த ஒன்றையும் முதலிற் சோதிப்பதே முறையாகும்.

இனி எமது அனுபவம். 2004 ஆம் ஆண்டில், வடமராட்சியில் நிகழ்ந்த நண்பரொருவரின் திருமணத்துக்குச் சென்று, இரவிலே நால்வராக யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். நெல்லியடியில் ஹோர்ன் ஒலிக்கவில்லை. கதவைத் திறந்தபோது உள்விளக்கும் எரியவில்லை. பார்த்தால், முதலாவது உருகி அறுந்திருந்தது. பெட்டியில் மேலதிக உருகி இல்லை. எம்மவருள் ஒருவர் சிகரற் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து, அறுந்த உருகியின் மேற் சுற்றி, இருந்த இடத்திற் பொருத்தினார். ஹோர்ன் ஒலித்தது. அவரை மெச்சிக்கொண்டு நாம் புறப்பட்டோம்.

வல்லை வெளியில் முகப்புப் பலகையின் பின்னாலிருந்து புகை எழுந்தது. வண்டியை ஓட்டியவர் உடனே நிறுத்தித் திறப்பை மூடினார். புகை நிற்கவில்லை, முன்னிலும் கூடியது. அச்சுற்று திறப்பின் வழியாகச் செல்வதன்று என்பதை அவ்வேளை எவரும் எண்ணவில்லை. பற்றரி முனையைக் கழற்ற ஆயுதந் தேடும் நேரத்தில், வெள்ளித்தாளைச் சுற்றியவரே பொனற்றைத் திறந்து, அவ்வுருகியை வெறுங்கையாற் பிடுங்கி எறிந்தார். வண்டி பிழைத்தது. அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு வெந்துபோயின. அத்தழும்பு இன்றும் உண்டு.

மறுநாட் காலையிற் காரணம் தெரிந்தது. உள்விளக்கிற்குச் செல்லும் கம்பி, இயந்திர அறையின் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில், துவாரத்தின் விளிம்பு கம்பியை வெட்டாதிருத்தற்காக இடப்பட்ட றப்பர் வளையம் உக்கிப் போயிருந்தது. வண்டி குலுங்குந்தோறும் கம்பி தகட்டின் மேல் உராய்ந்து, மேலுறை தேய்ந்து, செம்பு வெளிப்பட்டிருந்தது. உருகி அறுந்தது பழுதன்று. பழுதொன்று உண்டென்று உரைத்த செய்தியே அது. நாமோ செய்தி கொணர்ந்தவனின் வாயை வெள்ளித்தாளால் அடைத்துவிட்டு வழிநடந்தோம்.

பன்னிரண்டு உவோற்று மின்சாரம் இவ்வளவு செய்யுமா எனச் சிலர் வினவக்கூடும். வீட்டு மின்சாரம் 230 உவோற்று. அது மனிதரைத் தாக்கும். வண்டியின் மின்சாரம் அவ்வாறு தாக்காது. ஆனால் எரிக்கும். 60 உவாற்று விளக்கொன்று வீட்டிலே ஏறக்குறையக் கால் அம்பியர் மின்னோட்டத்தையே பெறும். வண்டியில் அதே வலுவுள்ள விளக்கு 5 அம்பியர் பெறும். கம்பி தகட்டைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டு, முழுச் சுற்றின் தடை 0.06 ஓம் அளவிற்குக் குறையுமாயின், மின்னோட்டம் 200 அம்பியராகும். இஃது ஐந்தின் 40 மடங்கு. கம்பியில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுவது. ஆகவே அதே கம்பியில் 1600 மடங்கு வெப்பம் உண்டாகும். யூலின் விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த நாம், அதன் பொருளை வல்லை வெளியிலேதான் கற்றோம்.

கல்லூரி ஆய்வுகூடத்திலே எமது விஞ்ஞான ஆசிரியர் ஒரு செப்புக் கம்பியையும் ஓர் உருகிக் கம்பியையும் தொடராக இணைத்து மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிக் காட்டியது நினைவுக்கு வருகின்றது. உருகிக் கம்பி அறுந்து வீழ்ந்தது. செப்புக் கம்பி அப்படியே இருந்தது. ஒரு சுற்றிலே மிக மெலிந்த இடம் எதுவோ அதுவே முதலில் அழியும். அம்மெலிந்த இடம் எங்கிருக்க வேண்டுமென்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்து, எளிதில் மாற்றத்தக்க ஓரிடத்தில் வைத்தலே உருகியின் தத்துவம். அங்கே தடித்த தாளையோ கம்பியையோ வைத்தால், மெலிந்த இடம் கண்ணுக்குத் தெரியாத வேறோரிடத்துக்குப் போய்விடுகின்றது.

நண்பரை நாம் குறை கூறவில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சிறிது பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் வண்டி ஓட்டிய மக்கள் நாம். உருகி கிடையாத நாட்களில் வெள்ளித்தாள் பல வண்டிகளை ஓடச்செய்தது. அது அக்காலத்தின் கெட்டித்தனம். தேவை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்காமையே கேடாயிற்று. 2004 ஆம் ஆண்டிலே உருகி எந்தக் கடையிலும் சில ரூபாவிற்குக் கிடைத்தது. நாம்தாம் வாங்கி வைக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். அவ்வண்டிகளுக்குரிய லூக்காஸ் உருகியில் 35 அம்பியர் எனக் குறித்திருப்பது, அஃது அறும் அளவாகும். இடைவிடாது தாங்கும் அளவு ஏறக்குறைய 17 அம்பியரே. இக்கால உருகிகளிற் பொறிக்கப்படும் எண்ணோ தாங்கும் அளவைக் குறிப்பது. ஆகவே எண் ஒன்றாயிருத்தல் கண்டு 35 அம்பியர் புது உருகியை அங்கே இடுதல், உரிய அளவின் இரு மடங்கை இடுவதாகும்.

புதிய வண்டிகளில் உருகிகள் மிகப் பல. 1976 ஆம் ஆண்டில் வந்த தகட்டு உருகிகளே இன்று பெருவழக்கு. அவற்றின் நிறமே அளவைக் கூறும்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பெரும்பாலும் முகப்புப் பலகையின் கீழும் பொனற்றின் கீழுமாக இரு பெட்டிகளில் அவை இருக்கும். ஜப்பானிலிருந்து பாவித்த வண்டியாக வந்ததாயின், மூடியிலுள்ள அட்டவணை ஜப்பானிய எழுத்தில் இருக்கலாம். வண்டி நலமாயிருக்கும்போதே அறிந்தவரைக் கொண்டு அதனைத் தமிழில் எழுதி ஒட்டிவைத்தல் நன்று. கலப்பின வண்டிகளிலுள்ள செம்மஞ்சள் நிற வடங்கள் உயர் அழுத்த மின்சாரத்துக்குரியவை; அவற்றைத் தொடலாகாது.

முடிவாக, உருகி அறுந்தால் திறப்பை மூடுக. அதே அளவுள்ள உருகியையே இடுக. புதியதும் உடனே அறுமாயின் மூன்றாவதை இடாது, பழுதைத் தேடுக. பெட்டியில் மேலதிக உருகிகள் இரண்டு எப்பொழுதும் இருக்கட்டும். எம் நண்பர் இன்று எவருடைய வண்டியில் ஏறினாலும், அமருமுன் அதனையே கேட்கின்றார். கேட்கும்போது அவருடைய வலக்கை தானாகவே மடிந்துகொள்கின்றது.