உப்புக்காற்றும் மோட்டார் வண்டியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். வாடைக்காற்று வீசும் காலத்தில், டச்சுக் குடாவை நோக்கிய தெருவொன்றில் இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியை விடியற்காலையில் விரலால் தடவி, அவ்விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். கண்ணாடியில் படிந்த உப்பு கண்ணுக்குத் தெரிகிறது. துணியால் துடைத்தால் போய்விடுகிறது. ஆனால் அதே உப்பு வண்டியின் அடித்தளத்திலும், சக்கரங்களின் மேல்வளைவுக்குள்ளும், கதவுகளின் கீழ்விளிம்பிலும் படிகின்றது. அங்கே அதைக் காண்பாருமில்லை, துடைப்பாருமில்லை. கடற்கரைப் பட்டினங்களில் வண்டிகளின் ஆயுள் குறைவதற்கு முதற்காரணம் இதுவே.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கின்றது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஏந்திச் செல்ல, நீர் ஆவியாகி உப்பு எஞ்சுகின்றது. இவ்வுப்பு உலர்ந்த தூளாகவே கிடக்குமாயின் பெருந்தீங்கு இல்லை. அதன் குணம் அதுவன்று. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்த்து, இரும்பின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறிவிடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியதும் கசியத் தொடங்குகின்றது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் அடிப்புறம் நனைந்த நிலையிலேயே இருக்கின்றது. வர்ணப்பூச்சு உரிந்த சிறு வடு ஒன்று கிடைத்தாற் போதும். அங்கே கறள் வேரூன்றிவிடும்.

திருகோணமலையின் இரு பருவங்களும் வண்டிக்கு இருவகைச் சோதனைகளாக அமைகின்றன. ஐப்பசி, கார்த்திகை தொடக்கம் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு வீசி, மழையையும் உப்பையும் ஒருங்கே கொண்டுவருகின்றது. மழை கூரையைக் கழுவுமேயன்றி அடித்தளத்தைக் கழுவாது. பின்னர் வைகாசி முதல் ஆவணி வரையில் கச்சான் காற்று தரையிலிருந்து வீசிப் புழுதியை வாரி இறைக்கின்றது. மணற்றூளில் உள்ள படிகக்கல் வர்ணப்பூச்சைக் காட்டிலும் கடினமானது. அத்தூளை உலர்ந்த துணியால் துடைப்பது, உரத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். வாடைக்கு உப்பு, கச்சானுக்குப் புழுதி என்னும் இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே கழுவும் கருவியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

வண்டியைப் பேணுவது வெறும் அழகு பற்றிய காரியமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியது 2025ஆம் ஆண்டிலேயே. அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டியின் விலையும் வானளாவ உயர்ந்தது. மீன் ஏற்றும் சிறிய வானும், வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டியும் பல குடும்பங்களின் உலைக்கு அரிசி தருபவை. அவற்றின் அடித்தகடு உக்கிப்போனால், தகடு வெட்டி ஒட்டும் செலவு ஒரு நல்ல கழுவுபொறியின் விலையைத் தாண்டிவிடக்கூடும்.

உயர் அமுக்கக் கழுவுபொறி எனப்படுவது புதுமையான பொருளன்று. ஜெர்மனியில் அல்பிரட் கேர்ஹர் என்பாரின் தொழிலகம் 1950ஆம் ஆண்டிலேயே வெந்நீரைக் கொண்டு இயங்கும் பொறியொன்றை உருவாக்கியது. வீட்டிற் பயன்படுத்தத்தக்க சிறிய பொறி 1984இல் வெளிவந்தது. இதன் தத்துவம் எளிது. மின்மோட்டார் சாய்வான தட்டு ஒன்றைச் சுழற்ற, அத்தட்டு சிறிய உந்துதண்டுகளை மாறிமாறித் தள்ளுகின்றது. குழாயில் இரண்டு மூன்று பார் அமுக்கத்தில் வரும் நீர், நூறு பார் அளவுக்கு உயர்ந்து, ஊசித்துளை போன்ற முனைவழியே பீறிட்டு வெளியேறுகின்றது.

பொறியை வாங்கச் செல்வோர் பெரும்பாலும் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அமுக்க அளவு ஒன்றையே நோக்குவர். இது பெருந்தவறு. அழுக்கை அசைப்பது அமுக்கம். அசைந்த அழுக்கை அள்ளிச் செல்வது நீரின் ஓட்டம். இரண்டும் சேர்ந்ததே பொறியின் உண்மையான வேலை. நூறு பார் அமுக்கத்தில் நிமிடத்திற்கு 6 லீற்றர் நீரை வெளியேற்றும் பொறி, நீருக்கு ஒரு கிலோவாற்று வலுவை ஊட்டுகின்றது. எனவே 1.4 கிலோவாற்று மோட்டாரை வைத்துக்கொண்டு, 200 பார் அமுக்கமும் நிறைந்த ஓட்டமும் தருவதாகக் கூறும் பொறியின் கணக்கு ஒருபோதும் பொருந்தாது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஒரு கணம் எட்டும் உச்ச அமுக்கமாகும். தொடர்ந்து இயங்கும்போது தரும் அமுக்கம் யாது, நிமிடத்திற்கு எத்தனை லீற்றர் என்னும் இரண்டையும் விசாரித்தல் வேண்டும். மோட்டார் வண்டிக்கு 80 முதல் 120 பார் வரை அமுக்கமும், 6 முதல் 8 லீற்றர் வரை ஓட்டமும் தாராளமாகப் போதும். அதற்கு மேற்பட்ட அமுக்கம் சீமெந்துத் தரைக்கு உதவலாம். வண்டியில் அது வர்ணப்பூச்சை வடுவிலிருந்து உரித்தெடுக்கும். ரயரின் பக்கச்சுவரைப் புண்படுத்தும்.

நீர்ச் சிக்கனமும் கவனித்தற்குரியது. சாதாரண ரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்திற்கு 15 லீற்றர் அளவு ஓடிவிடும். பத்து நிமிடக் கழுவலுக்கு 150 லீற்றர் வேண்டும். பொறியோ அதே பத்து நிமிடத்தில் 60 அல்லது 70 லீற்றருடன் அமைந்துவிடும். கைப்பிடியை விட்டதும் நீர் நின்றுவிடுவதால் செலவு இன்னும் குறையும். கச்சான் காலத்தில் கிணறுகள் வற்றும் ஊருக்கு இது சிறிய இலாபமன்று.

நீரின் அளவைவிட நீரின் தன்மை இங்கே முதன்மையானது. கடலுக்கு அண்மையிலுள்ள கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாயிருக்கும். உவர்நீரால் உப்பைக் கழுவ முற்படுவது, சேற்றைச் சேற்றால் கழுவுவது போலாம். முதலில் சேறகற்றக் கிணற்றுநீர் உதவினும், கடைசி அலசல் நன்னீராலேயே நிகழ வேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வரும் குழாய்நீர் அதற்கு ஏற்றது. வாடைக்கால மழைநீரைத் தாங்கியில் சேர்த்து வைத்தால் அதுவும் ஏற்றதே. தாங்கியிலிருந்தோ வாளியிலிருந்தோ தானே நீரை உறிஞ்சவல்ல பொறியைத் தேர்ந்தால், குழாயில் நீர் வராத நாளிலும் வேலை நடக்கும். உறிஞ்சும் முனையில் வடிகட்டி இருத்தல் அவசியம். பம்பியின் தலைப்பகுதி பித்தளையாயின் உவர்நீரை ஓரளவு தாங்கும்; அலுமினியமாயின் விரைவில் அரிக்கப்படும். எவ்வகையாயினும், வேலை முடிந்ததும் சிறிது நன்னீரை ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, கைப்பிடியை அழுத்தி எஞ்சிய அமுக்கத்தை வெளியேற்றிய பின்னரே பொறியை எடுத்துவைத்தல் வேண்டும். நீரின்றி ஓட்டினால் அடைப்புவளையங்கள் விரைவிற் கெட்டுவிடும்.

மோட்டாரிலும் இருவகை உண்டு. கரித்தூரிகை உள்ள மோட்டார் இலேசானது, மலிவானது, இரைச்சல் மிக்கது. தூண்டல் மோட்டார் பாரமும் விலையும் கூடியது. ஆயினும் அமைதியாக நெடுங்காலம் உழைக்கும். மாதம் இருமுறை ஒரு வண்டியைக் கழுவும் வீட்டுக்கு முன்னது போதும். நாள்தோறும் பல வண்டிகளைக் கழுவிப் பிழைப்போருக்குப் பின்னதே தகும்.

இனி, நுரை பீச்சும் துணைக்கருவியைப் பற்றி நோக்குவோம். சவர்க்கார நீர் நிறைந்த புட்டி ஒன்று பீச்சுகுழலின் அடியில் தொங்கும். ஒடுங்கிய துளைவழியே நீர் விரைந்து பாயும்போது அங்கே அமுக்கம் குறைந்து, புட்டியிலுள்ள கரைசலும் வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகின்றன. மூன்றும் ஒரு கம்பிவலைச் சுருளினூடாகப் புகுந்து நுரையாகின்றன. கடைகளிற் கிடைக்கும் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் துளை 1.25 மில்லிமீற்றர். ஓட்டம் குறைந்த வீட்டுப் பொறிகளுக்கு 1.1 மில்லிமீற்றர் துளையே பொருந்தும். நுரை நீர்த்துப்போய் வழிகிறதென்று குறைகூறுவோர் பலர் சவர்க்காரத்தை மாற்றிப் பார்ப்பர்; மாற்ற வேண்டியது துளையாக இருக்கலாம். பொருத்தும் மரையும் பொறிக்குப் பொறி வேறுபடும். ஒரே 22 மில்லிமீற்றர் மரையிலேயே உட்தண்டு 14 மில்லிமீற்றராகவும் 15 மில்லிமீற்றராகவும் இருவகை உண்டு. மாற்றிப் பூட்டினால் நீர் கசியும். கடைக்குச் செல்லும்போது பொறியின் கைப்பிடியையே கொண்டுசென்று பொருத்திப் பார்ப்பது நன்று.

நுரையின் பயன் யாது? அது அழுக்கைத் தானே போக்கிவிடும் மந்திரமன்று. புழுதியை ஊறவைத்து, துகளுக்கும் வர்ணத்துக்கும் இடையே வழுக்கலை உண்டாக்குகின்றது. அதனால் கை படுவதற்கு முன்னரே பெருந்துகள்கள் நீங்கி, வண்டி கீறல்படாமல் தப்புகின்றது. ஆகவே கச்சான் காலத்தில் நுரை பேருதவி. நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த வண்டியில் நுரையிட்டு, மூன்று நான்கு நிமிடங்களுக்குள், அது காயுமுன், மேலிருந்து கீழாக அலசுதல் வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்துவது தகாது. அது மெழுகுப்பூச்சைக் கரைத்துவிடுவதோடு, அத்தகைய திரவங்கள் பலவற்றில் தடிப்புக்காக உப்பே சேர்க்கப்படுகின்றது. உப்பைப் போக்கப் புறப்பட்டவர் உப்பையே பூசினாராக முடியும்.

வாடைக் காலத்திலோ முதல் வேலை அடித்தளத்தில். வளைந்த முனையுடைய பீச்சுகுழல் ஒன்று வாங்கினால், தரையிற் படுக்காமலே அடிப்புறத்தையும் சக்கர வளைவுகளையும் அலசலாம். உப்பு நீரில் எளிதிற் கரைவது. அதனைப் போக்க வன்மையான தாரை தேவையில்லை, நிறைந்த நன்னீரே தேவை. வாரம் ஒருமுறை இவ்வாறு செய்தல் நலம். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் ஈரமணலில் வண்டியை இறக்கியவர் அன்றைக்கே செய்தல் வேண்டும்.

தாரையின் முனை 25 அல்லது 40 பாகை விரிவுடையதாக இருக்கட்டும். விரிவில்லாத ஒற்றைத்தாரை முனை வண்டிக்கு ஆகாது. முனைக்கும் உடலுக்கும் இடையே 30 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். ரேடியேற்றரின் மெல்லிய இதழ்களையும், மின்னிணைப்புகளையும், கலப்புவலு வண்டிகளின் செம்மஞ்சள் நிற மின்வடங்களையும் தாரைக்கு இலக்காக்கலாகாது.

மனிதருக்குரிய எச்சரிக்கையும் ஒன்றுண்டு. நீரும் 230 வோல்ற்று மின்சாரமும் ஒருங்கிருக்கும் இடத்தில், 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஆளி இன்றிப் பொறியை இயக்கவே கூடாது. தாரை தோலைத் துளைத்து உட்புகவும் வல்லது. காயம் ஊசிக்குத்தளவே தோன்றினும், உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். சிறுவர் கையில் இதை விளையாட்டாகக் கொடுத்தலாகாது. எண்ணெய் கலந்த கழிவுநீர் தெருக்கானுக்குள் ஓடின், அது சேருமிடம் மீன் வாழும் குடாவே. புல்தரையிலோ சரளை பரப்பிய நிலத்திலோ நிறுத்திக் கழுவினால் அக்கேடு குறையும்.

கையிலுள்ள பணம் அளவானதெனின், செலவின் வரிசை இதுவாகலாம். முதலில் போதிய ஓட்டமும் அளவான அமுக்கமும் உள்ள பொறி, அடுத்து அடித்தளத்துக்குரிய வளைந்த குழலும் பாதுகாப்பு ஆளியும், அதன்பின் நுரைக்கருவி. வெண்ணுரை போர்த்த வண்டி கண்ணுக்கு இனியதே. எனினும் துறைமுகப் பட்டினத்தில் வண்டியைப் பல்லாண்டு ஓடவைப்பது, எவரும் குனிந்து பாராத அடித்தகட்டில் வாரந்தோறும் படும் நன்னீரேயாகும்.