ஜாமீன்: காசுக்கா, மனுஷனுக்கா?



"ஜாமீன்ல வந்துட்டாரு" என்று நம் அமிர்தி பக்கம் பேசிக் கேட்டிருப்பீர்கள். அது என்ன என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கைதானவர் எல்லாரும் குற்றவாளி அல்ல. வழக்கு முடியும்வரை வெளியே இருக்கலாம். கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வரணும். அந்த உறுதிதான் ஜாமீன். "அவர் வரலேன்னா நான் பணம் கட்டுறேன்" என்று பொறுப்பேற்பவர் ஜாமீன்தாரர். அவரிடம் பட்டா, வீட்டுவரி ரசீது மாதிரி காகிதம் கேட்பார்கள்.

இங்கேதான் சிக்கல்! நம் ஜவ்வாது மலையில் காட்டு நிலத்தில் சாமை விதைப்பவர் பலருக்குப் பட்டா ஏது? செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திராவில் கைதானவர்களும் நம் மலையில் உண்டு. அந்த ஊரில் அவங்களுக்கு யார் ஜாமீன் நிப்பாங்க?

1978-ல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதிராமிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இது தவறு என்று சொல்லி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 1979-ல் உசைனாரா காதூன் வழக்கில் நீதிபதி பகவதி, பணத்தை மட்டும் பார்க்காமல் குடும்பம், வேலை, ஊரோடு உள்ள பிடிப்பு இவற்றைப் பார்க்கணும் என்றார். இன்றைய சட்டப்படி, ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்று கருதி, சொந்தப் பிணையில் விடணும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண ஜாமீனை எடுத்துவிட்டு, ஆள் திரும்பி வருவாரா, ஆபத்தானவரா என்று மதிப்பிட்டு விடலாமா என 2020 நவம்பரில் மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றே அதிகம் பேர் போட்டார்கள். ஜாமீன் வியாபாரிகள் எதிர்த்தது லாபத்துக்காக. ஆனால் ஏழைகள் பக்கம் நிற்பவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். பழைய கைதுக் கணக்கை வைத்து மார்க் போட்டால், ஏற்கெனவே அதிகம் பிடிபடும் மக்களுக்கே மறுபடி பாதகம் என்பது அவர்கள் பயம்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: காசும் வேண்டாம், கண்ணை மூடிப் போடும் மார்க்கும் வேண்டாம். ஊருக்குள் வந்து விசாரித்தாலே ஆள் ஓடுவாரா மாட்டாரா என்று தெரிந்துவிடுமே!

வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள் நண்பர்களே!

– 11-ஆம் வகுப்பு மாணவன்