மின்னணு ஜக்கார்டும் நம் சங்கங்களும்

நெசவாளர் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு விஷயம் அடிக்கடி விவாதத்துக்கு வருகிறது. தறியின் மேலுள்ள பழைய ஜக்கார்டுப் பெட்டியை இறக்கிவிட்டு மின்னணு ஜக்கார்டை ஏற்றலாமா, வேண்டாமா என்பதே அது. ஏற்றலாம் என்போர் காலமும் உழைப்பும் மிச்சமாகும் என்கின்றனர். வேண்டாம் என்போர், இன்று பெட்டி வரும், நாளை நெசவாளனே வேண்டாம் என்ற நிலை வரும் என்று அஞ்சுகின்றனர். இரு சாராரின் பேச்சிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டென நாம் கருதுகிறோம்.

அதற்கு முன் பழைய கதையைச் சிறிது நினைவுகூர்தல் நலம். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருமுன் 'அடை' என்றொரு முறை இருந்தது. பூ வேலைக்கு எந்த ஊடையின்போது எந்தப் பாவு இழைகள் எழ வேண்டுமோ, அவற்றை நூற்கட்டுகளாகக் கட்டி வைத்திருப்பர். நெசவாளர் நாடாவைச் செலுத்த, துணையாள் அக்கட்டுகளை முறைப்படி இழுத்துப் பிடிப்பார். துணையாளாகப் பல வீடுகளில் சிறுவரே அமர்ந்தனர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயது தறியடியில் கழிந்தது.

பிரான்சு தேசத்தின் பட்டு நகரமான லியோனிலும் இதே நிலைதான். அங்கும் தறியின் பக்கத்தில் நின்று கயிறு இழுக்க ஆள் வேண்டியிருந்தது. அவ்வேலையை 1804ஆம் ஆண்டு வாக்கில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தார். துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும், கொக்கி மேலே எழும்; துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளுண்டு, கொக்கி எழாது நின்றுவிடும். ஊடைக்கு ஓர் அட்டை. சூட்சுமம் இவ்வளவே. அட்டைகளைப் பெருக்கிக்கொண்டே போனால் எத்தகைய சித்திரத்தையும் நெய்துவிடலாம். 1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அப்படத்தின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருந்த இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் பாபேஜ், தாம் கற்பனை செய்த கணக்குப் பொறிக்கும் இத்தகைய அட்டைகளையே கொள்ளத் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளையட்டைப் பொறிகளைக் கொண்டு கூட்டினார். இன்று தறியைத் தேடி வரும் கணிப்பொறி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. பாட்டன் வீட்டுக்குத் திரும்பி வரும் பேரன் என்றே சொல்லலாம்.

பேரன் வருவது மகிழ்ச்சிதான். லியோன் நெசவாளருக்கு அந்தப் பாட்டனால் நேர்ந்ததையும் பார்த்துவிடுவோம். 1805இல் ஜக்கார்டின் பொறியைப் பொதுச் சொத்தாக்கி, அவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கினார்கள். தறியோ நெசவாளரின் சொந்தத் தறி. பொறியும் பொது, தறியும் சொந்தமென்றால் பின் என்ன குறை என்று தோன்றும். ஆனால் பட்டு நூல் வணிகருடையது, சித்திரம் வணிகருடையது, சந்தையும் வணிகருடையது. துணி பெருகிற்று; கூலி தேய்ந்தது. 1831ஆம் ஆண்டு அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்று பேசி முடிக்கப்பெற்றது. வணிகரிற் பலர் அதை ஏற்க மறுத்தனர். நவம்பரில் நெசவாளர் கிளர்ந்தெழுந்து நகரையே கைப்பற்றினர். சேனை வந்து அடக்கிற்று. 1834இல் மீண்டும் கிளர்ச்சி, மீண்டும் அடக்குமுறை. மறு ஆண்டு, 1835இல், அதே நகரில் மிஷெல் தெரியோன் என்பவர் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தார். பிரான்சின் முதல் கூட்டுறவுக் கடைகளுள் ஒன்றான அது மூன்றாண்டுகளே நடந்தது. ராச்டேல் முன்னோடிகள் தங்கள் கடையைத் திறந்தது 1844இல். கூட்டுறவு இயக்கத்தின் தொட்டிலைத் தறியின் அருகிலேயே காண்கிறோம்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். மின்னணு ஜக்கார்டில் அட்டை கிடையாது. சித்திரம் கணிப்பொறியில் வரையப்பட்டு, விரலளவு நினைவுக் கருவியில் தறிக்கு வருகிறது. எந்தக் கொக்கி எழ வேண்டுமென்பதை மின்காந்தங்கள் தேர்ந்தெடுக்கின்றன. புதிய சித்திரத்துக்கு அட்டை குத்தி, கோத்து, ஏற்றுவதற்குப் பல நாட்கள் ஆகும்; இதில் கோப்பை மாற்றினால் போதும். பெட்டியைத் தூக்கும் வேலையை மோட்டார் செய்வதால் காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான கொக்கிகளை நாள் முழுவதும் மிதித்துத் தூக்கி, ஐம்பது வயதிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்ட அங்கத்தினர்களை நாம் அறிவோம். 2019-20ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். அவர்களுக்கும் இது சிறிய உதவியன்று.

பெட்டியை வாங்காமல் இருந்துவிட்டால் தொழில் நிலைத்துவிடும் என்று எண்ணுவதற்கும் ஆதாரமில்லை. 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் நாடெங்கும் 43.31 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருந்தனர், 2019-20இல் 35.22 லட்சம் பேர். குறைந்த கூலியும் விசைத்தறிப் போலிகளும் இளைஞரை வெளியே தள்ளுவதைத் தறிவீடுதோறும் காண்கிறோம்.

பெட்டியால் செய்ய முடியாததும் உண்டு. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கரை நாடாவை வாங்கிக் கொடுக்கத் துணையாள் வேண்டும். மின்னணுப் பெட்டி பூவைத் தேர்ந்தெடுக்குமே தவிர, கரையை இணைக்காது. அத்துணையாள் பெரும்பாலும் நெசவாளரின் மனைவியே. சங்கப் பதிவேட்டில் அவர் பெயர் இராது. நெசவாளரின் கூலிக்குள்ளேயே அவர் உழைப்பும் அடங்கிவிடுகிறது. "பெட்டி வந்துவிட்டது, வேலை எளிதாயிற்று" என்று சேலைக்கான கூலியைக் குறைத்தால், எளிதாகாத அவருடைய வேலைக்கும் கூலி குறைகிறது. 1831இன் கதை நம் ஊரில் நடப்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம்.

மறந்துபோன கேள்வியையும் இப்போது சொல்லிவிடுகிறோம். சித்திரக் கோப்பு யாருடையது? அட்டைக் கட்டு கனமானது. அதைத் திருட ஆள் வேண்டும், வண்டி வேண்டும். கோப்பைப் பிரதி எடுக்க ஒரு கணம் போதும். சேலை கடைக்குப் போகுமுன்பே அதே பூ விசைத்தறியில் ஓடத் தொடங்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டென்று சிலர் சமாதானம் சொல்வர். அது பெயரைக் காக்கும். ஒவ்வொரு பூவையும் காக்காது. அதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. புதிய சித்திரத்தை வெளியிடுமுன் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை கிடைக்கும். சங்கத்தின் பெயரிலேயே பதியலாம். வணிகர் இலவசமாகப் பெட்டி தருகிறார், கோப்பும் தருகிறார் என்று மகிழ்ந்து கையெழுத்திடும் அங்கத்தினர் லியோனை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யந்திரம் சங்கத்துக்குச் சொந்தமாயின் விளைவு எப்படி மாறுமென்பதை நம் பால் உற்பத்தியாளர் சங்கங்களில் காணலாம். முன்பு பாலின் கொழுப்பை அமிலம் ஊற்றிக் குழாய்களில் சோதித்தார்கள். முடிவு வரும்வரை உறுப்பினர் காத்திருப்பார். எழுதுபவரின் சொல்லே கணக்கு. இப்போது மின்னணுச் சோதனைக் கருவி நொடிகளில் அளவைக் காட்டுகிறது. எடையும் கொழுப்பும் விலையும் அச்சிட்ட சீட்டு கைக்கு வருகிறது. எழுத்தறியாத மூதாட்டியும் பேரனிடம் காட்டிச் சரிபார்க்கிறார். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாயில் மத்திய அரசு 2022இல் அனுமதி அளித்தது. அங்கும் உழவர் கேட்க வேண்டியது, தம் கடன் கணக்கைத் தாமே பார்க்க முடிகிறதா என்பதைத்தான்.

ஆகவே அடுத்த பேரவைக் கூட்டத்தில் பெட்டியின் விலையை மட்டும் பேசிக் கலையாதிருப்போமாக. கோப்பின் உரிமை சங்கத்துக்கு என்றும், சேலைக் கூலி குறையாது என்றும் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மின்சாரப் பெட்டி ஏறிய தறியில் நெய்த துணி கைத்தறித் துணியாகவே கொள்ளப்படுமா என்பதற்குக் கைத்தறித் துறையிடமிருந்து எழுத்து மூலம் விடை பெறுதல் நன்று. பழுதானால் ஊர்த் தச்சரால் மின்பலகையைச் சரிசெய்ய இயலாது. பழுது நீக்குவது யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும்.

அட்டை குத்துவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டி மாறியவுடன் வேலை இழப்போர் அவர்களே. ஆனால் கட்டத்தாளைப் படித்து, எந்த இழை எழும், எது படியும் என்று கண்ணாலேயே கூறவல்லவர்களும் அவர்களே. வெளியூரிலிருந்து கணிப்பொறி கற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவருக்கு நெசவைப் புரிய வைக்க ஓராண்டு செலவிடுவதைக் காட்டிலும், நெசவு அறிந்த இவர்களுக்கு ஆறு மாதம் கணிப்பொறி கற்பிப்பது சங்கத்துக்குச் செலவு குறைந்த வழி. பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று காரியதரிசி பெயர் கேட்கும்போது முதற் பெயராக அவர்கள் பெயரையே எழுதலாம்.