சைக்காலஜி பட்டம்: கட்டிய காசு திரும்ப வருமா?

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து ஆன்லைனிலும் தொலைதூரக் கல்வியிலும் சைக்காலஜிக்குப் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. பி.ஏ.வில் பல விருப்பப் பாடங்களில் ஒன்றாக இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட வேண்டும். கடை மூடியாயிற்று, சரி. அதற்கு முன்பே உள்ளே போனவர்கள் கதி? நீட்டில் மார்க் வராத பிள்ளைகள், ஐ.டி. வேலை அலுத்துப்போனவர்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதிய நேரத்தில் லேப்டாப்பைத் திறந்த இல்லத்தரசிகள் என்று ஒரு பெரிய கூட்டம் பட்டத்தோடு நிற்கிறது, அல்லது பட்டத்துக்காகக் காத்திருக்கிறது. போட்ட பணம் திரும்ப வருமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். அந்த மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சைக்காலஜி வேலை பார்த்துச் சம்பாதிப்பது கஷ்டம். கட்டிய பணம் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் மாதிரி. மீதியைக் கட்டினால்தான் சாவி கைக்கு வரும்.

அந்த மீதி எவ்வளவு? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இதுவரையிலான வழக்கமான பாதையில் முதுகலைக்கு இரண்டு ஆண்டு, அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய முழுநேர எம்.பில். இரண்டு ஆண்டு. பதினெட்டு வயதில் தொடங்கியவர் எங்கும் தடுக்காமல் போனால் இருபத்தைந்தில் வந்து சேருவார். பயிற்சி இடங்கள் சொற்பம், நுழைவுத் தேர்வு வேறு. பாதையின் பெயர்களும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் நோயாளிகளோடு உட்கார்ந்து பழக வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒருவர், பட்டத்தை ஆன்லைனில் படித்த வரை வேலையை விடவில்லை. அதுவரை லாபம்தான். அடுத்த நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு என்றால் வேலையை விட்டாக வேண்டும். விட்ட சம்பளம் மட்டும் 8,64,000 ரூபாய். கட்டணம், விடுதி, ஊர்விட்டு ஊர் போகிற செலவு எல்லாம் தனி. சில இடங்களில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தருவார்கள்; எல்லா இடத்திலும் அல்ல.

இந்தக் கணக்கைச் சேர்க்கை நேரத்தில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் பெண், தனக்கு வந்த அட்மிஷன் அழைப்பைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். போட்டுக் காட்டினார்.

“மேடம், இன்னைக்கு ஆறு மணிக்குள்ள சீட் பிளாக் பண்ணிட்டீங்கன்னா ஸ்காலர்ஷிப் உண்டு. இ.எம்.ஐ.தான், பாரமே தெரியாது.”

“படிச்சு முடிச்சா நானே தனியா கிளினிக் வைக்கலாங்களா சார்?”

“தாராளமா வைக்கலாம் மேடம். கவுன்சலிங் சென்டர்னு வைங்க, யாரு கேக்கப் போறா?”

அந்த இ.எம்.ஐ. கல்லூரிக்குக் கட்டுகிற தவணை இல்லை, நிதி நிறுவனத்தில் வாங்கிய கடன். பாதியில் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. அந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது செமஸ்டரில்தான் புரிந்திருக்கிறது. ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வாக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பட்டத்துக்கு வெளியே மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன், தொலைதூரப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாகப் படித்திருந்தால் குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம். அதற்கு சைக்காலஜிதான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பட்டமும் போதும். குழந்தைகள் பாதுகாப்புத் திட்டங்களில் ஆலோசகர் பணிக்கு இளநிலைப் பட்டத்தோடு விண்ணப்பம் கேட்டு விளம்பரம் வருவதுண்டு. ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். மனிதவளத் துறையில் இருப்பவர்கள் சிலர் இந்தப் படிப்பு பதவி உயர்வுக்குக் கைகொடுத்ததாகச் சொல்கிறார்கள். இருக்கலாம்.

ஆன்லைன் ஏன் கூடாது என்பதற்கு வருவோம். 2021ஆம் ஆண்டின் துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் சட்டம், மனநல ஆலோசனை தொடர்பான பல தொழில்களை சுகாதாரத் துறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்தச் சட்டப்படி சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரம் படித்திருக்க வேண்டும். திரையில் வீடியோ ஓடிய நேரம் அந்தக் கணக்கில் எப்படிச் சேரும்?

கல்லூரி லேபில் கண்ணாடி பார்த்து வரையும் பரிசோதனை ஒன்று உண்டு. மேஜையில் ஒரு நட்சத்திர வடிவம். அதை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு. எதிரே உள்ள கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு பென்சிலால் நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். மூலை வந்ததும் கை எதிர்ப்பக்கம் ஓடும். எவ்வளவு நேரம், எத்தனை தவறு என்று குறிப்பது சுலபம். வரைகிறவர் எந்த மூலையில் எரிச்சலாகிறார், எப்போது சிரித்து மழுப்புகிறார், எப்போது ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று பென்சிலை வைக்கிறார் என்பதைக் கவனிப்பதுதான் மாணவருக்கான பாடம். இதையே ஆன்லைன் மாணவர் மவுஸை நகர்த்திச் செய்கிறார். எதிரில் ஆளே இல்லை. மனிதனைக் கவனிக்கப் பழகாமலே மனிதனைப் பற்றிய பட்டம் கைக்கு வந்துவிடுகிறது.

இப்போது அந்தக் கடைசி வாக்கியம். ‘யாரு கேக்கப் போறா?’ உண்மையிலேயே இன்றுவரை யாரும் கேட்பதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளப் பதிவு வேண்டும். ‘கவுன்சலர்’ என்று போட்டுக்கொள்ள ஒரு பிளெக்ஸ் போர்டு போதும். மேற்படிப்புக்கு வழியில்லாமல், வேலையும் கிடைக்காமல், தவணை மட்டும் மாதாமாதம் ஓடுகிறவர் என்ன செய்வார்? சனி, ஞாயிறில் ஒரு சான்றிதழ் வகுப்பு, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், மாடி அறையில் இரண்டு நாற்காலி. போட்ட பணத்தை எடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

தேவை இருப்பதும் உண்மை. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரிந்தது. பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில். ஒரு பக்கம் ஆள் வேண்டும் என்கிறார்கள், அதே சீசனில் இன்னொரு பக்கம் ஆன்லைன் வாசலை அடைக்கிறார்கள். நடுவில் உள்ள இடைவெளியை யார் நிரப்பப் போகிறார்கள் என்பதுதான் என் பயம். பள்ளி நிர்வாகம் குறைந்த சம்பளத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்கும். தகுதி என்ற சொல்லுக்கு அவரவர் ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வார்கள்.

பாதிப் படிப்பின் ஆபத்து முழு அறியாமையில்கூட இல்லை. எப்போதும் அசதி, எதிலும் பிடிப்பில்லை, உடம்பு கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு பெண் வருகிறார். பயிற்சி உள்ளவர் முதலில் தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்வார். தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே தெரியும். பயிற்சி இல்லாதவர் பத்து அமர்வு பேக்கேஜ் விற்பார். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பையன் சொல்கிறான். ‘பாஸிட்டிவா யோசிங்க தம்பி’ என்று அனுப்பிவைப்பவருக்கு அந்த இரவு எப்படிப் போகும் என்று தெரியாது. இன்னும் சிலர், வந்தவர் சொன்ன வீட்டு விஷயத்தைப் பெயரை மட்டும் மாற்றி ரீல்ஸாகப் போடுகிறார்கள். ஊரில் உள்ளவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாதா?

இந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்ற ஆசையில் வந்தவர்கள்தான் அதிகம். அந்த ஆசையைக் காசாக்கியவர்கள் மீதுதான் கோபம்.

கையில் பட்டம் உள்ளவர்கள், வசதி இருந்தால் நேரடிக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேருங்கள். இல்லையென்றால் போட்டித் தேர்வுக்குப் படியுங்கள். தயவுசெய்து போர்டு மாட்டாதீர்கள்.

ஆலோசனை தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று எழுதியிருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சரிபார்க்க முடியும். கவுன்சலர் என்றால் எங்கே, யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். அவசரம் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.