நீலக் கோடுகள் ஏன்?

அலாஸ்காவின் பனியாற்று விரிகுடாவைக் காட்டும், சென்ற நூற்றாண்டின் நடுவில் அச்சான அமெரிக்கத் தேசப்படத்தை விரிப்பவர்க்கு, மலைச்சரிவில் பழுப்பு வர்ணத்தில் ஓடிவரும் சமஉயரக் கோடுகள் பனியாற்றின்மேல் ஏறியவுடன் நீலமாகிவிடுவது விசித்திரமாகத் தோன்றும். பழுப்பு, நிலத்தின் உயரம். நீலமோ, உருகியும் நகர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும் பனிக்கட்டியின் உயரம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வளையும் அக்கோடுகள் பனியாற்றின் கீழ்ப்பாகத்திலோ கடலை நோக்கிப் புடைக்கின்றன. பாறைச்சுவர்களின் உஷ்ணத்தால் ஓரங்கள் விரைந்து உருக, நடுப்பாகம் முதுகைப்போல் உயர்ந்து நிற்பதே அதற்குக் காரணம்.

பனி எவ்வளவு மாறும் என்பதற்கு இவ்விரிகுடாவே சான்று. 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது பனிச்சுவர் அடைத்து நின்ற இடத்தில் (அன்று விரிகுடாவே இல்லை எனலாம்), 1879-இல் இயற்கையாளர் ஜான் மியூர் நெடுந்தூரம் படகிலேயே சென்றார். அவர் பெயர் பூண்ட பனியாறும் பின்வாங்கிவிட்டபடியால், படத்தில் நீலக் கோடுகள் ஓடும் சில இடங்களில் இன்று கடல்நீரே கிடக்கிறது.