டயரில் நட்ட போர்டு: ஒரு சின்னக் கணக்கு

பஞ்சர் கடை வாசலில் பார்த்திருப்பீர்கள். கழித்துப்போட்ட கார் டயர், அதன் நடுவில் கான்கிரீட், அதில் நட்ட ஒரு இரும்புக் குழாய், உச்சியில் தகர போர்டு. காலையில் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் நிறுத்துவார்கள். ராத்திரி அதேபோல் உருட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். பழைய பொருளில் செய்த, நகர்த்தக்கூடிய தாங்கி என்றால் இதைவிட எளிமையாக ஒன்று கிடையாது.

இது காற்றுக்கு நிற்குமா? கணக்கு கஷ்டமில்லை. காற்றின் வேகத்தை மீட்டர்/விநாடியில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். நம்ம ஊர் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 தர நெறியின் மூன்றாம் பகுதியும் இதே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கிறது. தட்டையான பலகை என்பதால் இன்னொரு 1.2 சேர்த்துக்கொள்கிறேன்.

60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம் உள்ள போர்டு. அதன் மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் என்று வைப்போம். 30 கி.மீ. வேகக் காற்று அதை ஏறக்குறைய 2.8 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். டயரின் ஆரம் 27 செ.மீ. என்றால், கவிழாமல் நிற்க மொத்த எடை 8 கிலோ போதும். காற்று 60 கி.மீ. ஆனால்? வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. 30 கிலோ வேண்டும். சின்னக் கார் டயரில் கான்கிரீட் நிரப்பினால் குத்துமதிப்பாக 50 கிலோ வரும். தாராளமாக நிற்கும்.

ஆனால் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று போர்டை ஏற்றி, மையத்தை 1.5 மீட்டருக்குக் கொண்டுபோனால் 60 கிலோ தேவைப்படும். அப்போது அதே டயர் கவிழ்ந்துவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எடையைப் பற்றி யோசிப்பவர்கள் உயரத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

சரி, இன்னும் எடையை ஏற்றிவிடலாமே? அங்கேதான் எனக்குப் பயம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம் மென்பொறியாளர் ஒருவர் லாரியில் அடிபட்டு இறந்தார். விழும் போர்டு ஒரு ஆபத்து. விழாமல் நிற்கும் 50 கிலோ கான்கிரீட்டில் பைக் மோதினால் அது இன்னொரு ஆபத்து. அமெரிக்கச் சாலைக்குறி விதிநூல், தடுப்புகளுக்குப் பாரமாகக் கல்லையும் கான்கிரீட் துண்டுகளையும் வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். மணல் மூட்டை என்றால் அடிபட்டதும் கிழிந்து சிதறிவிடும்.

அதனால் நான் செய்வதாக இருந்தால் எடையைக் கூட்டாமல் காலை நீட்டுவேன். பழைய இரும்பு ஆங்கிளில் கூட்டல் குறிபோல் அடிப்பாகம், ஒவ்வொரு காலும் 54 செ.மீ. நீளம். தாழ்வான போர்டுக்கு 60 கி.மீ. காற்றிலும் இப்போது 15 கிலோ போதும். கவிழாது, ஆனால் வழுக்கும். காற்று தள்ளுவது 11 கிலோ. உராய்வுக் குணகம் 0.6 என்று எடுத்தால் பிடிப்பு 9 கிலோதான். ஆகவே மொத்தம் 20 கிலோ என்று வைத்துவிட்டு, கால்களுக்கு அடியில் டயர் துண்டு ஒட்டிவிடலாம். டயருக்கு உண்மையான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: பாரம் இல்லை, பிடிப்பு.

மணலுக்குப் பை? பழைய ஃப்ளெக்ஸ் பேனர். பாலியெஸ்டர் துணியின் மேல் பி.வி.சி. பூசியது அது. இரண்டையும் பிரிப்பது கஷ்டம் என்பதால் மறுசுழற்சிக்கு லாயக்கில்லை, எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். தைத்தால் நல்ல பை.

முழு டயரையே வைத்துத்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒன்று: கான்கிரீட் போகாத உட்பள்ளத்தில் மழைநீர் நிற்கும், டெங்கு கொசுவுக்கு அது போதும். அடியில் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள்.